ஏழு பெயருக்கு நாலு துளை

பொறிப்புக் கடையிலிருந்து வந்த பார்சலைப் பிரித்ததும் திருப்புளிக்கு முதலில் தோன்றியது, தகட்டில் எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது என்பதுதான். அது யாருடைய பெயர் என்று இரண்டாவதாகத்தான் படித்தான். மின்கட்டண ரசீதில் மட்டும் மாதாமாதம் பார்த்து வந்த முழுப் பெயர். முன்னால் தகப்பன் பெயர், கீழே சின்ன எழுத்தில் 'அறுவை அரங்கத் தலைமைச் செவிலியர், ஓய்வு'. அவனுடைய பெரியம்மா.

தகட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திருப்பினான். பெயர் அதேதான்.

பல்கலைக்கழகப் பராமரிப்புப் பிரிவில் அவனுக்கு வேறு பெயர் ஒன்று உண்டு என்பதே பல பேருக்குத் தெரியாது. மேல்சட்டைப் பையில் அடுத்தவன் பேனா வைக்கிற இடத்தில் இவன் திருகாணி முடுக்கும் திருப்புளியைச் செருகியிருப்பான், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பதினேழு வருஷமாக ஒப்பந்த வேலை. கதவு, பூட்டு, நாற்காலிக் கால், கரும்பலகை எல்லாம் அவன் கைதான். அத்தோடு நன்கொடைப் பிரிவுக்கு ஒரு வேலை. அதை மட்டும் வெளியே சொல்லக் கூடாது.

விஷயம் இதுதான். வயசானவர்கள் சிலர் தங்கள் வீட்டையோ நிலத்தையோ பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதி வைப்பார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறவரை பல்கலைக்கழகத்துக்கு எதுவும் வராது. நடுவில் மனசு மாறினால் அதற்குப் பிறகும் வராது. மனசு மாறாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் ஒரு பிரிவு, ஒரு அலுவலர், ஒரு கார். எழுதியவரை ஒரு நாள் அழைத்து வந்து, பதினாலாம் எண் வகுப்பறை வாசலில் அவர் பெயரை மாட்டி வைத்து, 'இனிமே இது உங்க அறை' என்று காட்டுவார்கள். பதினாலாம் அறைக்குத்தான் தோட்டத்தைப் பார்த்த ஜன்னலும் காலை வெயிலும் உண்டு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்குள் தகட்டைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அடுத்தவர் வரும்போது அடுத்தவர் தகடு.

அப்படி ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேருக்கும் அந்த ஒரே அறை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் துளை போட்டால் சுவர் சல்லடையாகிவிடும் என்று, எல்லாத் தகடுக்கும் பொதுவாக இரும்பில் ஓர் அச்சு செய்து கொடுத்தவனே திருப்புளிதான். நாலு துளை, நாலு திருகாணி, மூன்று நிமிஷ வேலை. அலுவலர் அம்மாள் அன்றைக்கு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "உங்க மூளைக்கு நீங்க எங்கயோ இருக்க வேண்டியவர்" என்றாள். அவளை எல்லோரும் வெல்லக்கட்டி என்பார்கள்.

இது ஏழாவது தகடு.

பெரியம்மாவின் வீட்டில்தான் அவன் வளர்ந்தான், அங்கேதான் இருக்கிறான். தாய் செத்தபோது பதினொரு வயசு, பெரியம்மாவுக்குக் கல்யாணம் குழந்தை எதுவும் கிடையாது, கூட்டி வந்து வைத்துக்கொண்டாள். இப்போது அவனுக்கு நாற்பத்திமூன்று. கீழே உள்ள இரண்டு அறை அவள் தன் சம்பளத்தில் வாங்கியது. மேலே உள்ள இரண்டு அறை, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கழிவறை, வீட்டில் ஓடுகிற ஒவ்வொரு குழாயும் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தது. செங்கல் சுமந்தது மனைவி, மணல் சலித்தது மகள். 'கடைசியில எல்லாம் உனக்குத்தானேடா' என்று பெரியம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் சொல்லாததை அவனாகவே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது மனைவி கீழே பெரியம்மாவுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். குதிகாலில் சர்க்கரைப் புண், ஏழு வருஷமாக ஆறாதது. பெரியம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நடுவுலேர்ந்து வெளிய துடை. வெளியேர்ந்து உள்ள துடைச்சா அழுக்கை உள்ள தள்றே. இத்தனை வருஷத்துல ஒரு கழுதையை நர்ஸாக்கியிருப்பேன்."

"சரி அத்தை."

"பஞ்சு எத்தனை எடுத்தே?"

"ஆறு."

"வெளிய எத்தனை கிடக்கு?"

"ஆறு அத்தை."

"ம். இப்ப மூடு. எண்ணாம மூடுறவ கையில கத்தி கொடுத்தா வயித்துக்குள்ள பாதிக் கடையை வச்சுத் தைச்சுடுவா."

திருப்புளி செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டான்.

"பெரியம்மா, பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதியிருக்கீங்களா?"

மனைவியின் கை அப்படியே நின்றது. பெரியம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எழுதியாச்சு. போன மாசம். வக்கீல் வந்தப்ப நீ வேலைக்குப் போயிருந்தே, இவ காய் வாங்கப் போயிருந்தா."

"இந்த வீட்டையா?"

"பின்னே? எனக்கென்ன அரண்மனையா இருக்கு, இதை விட்டுட்டு அதை எழுத?"

"மேல் மாடி நான் கட்டினது பெரியம்மா."

"குருவி கூடு கட்டிடுச்சுன்னா மரம் குருவிக்குச் சொந்தமாடா?"

"நாங்க எங்க போறது?"

"நான் போனப்புறம் நடக்கப் போறதை என்கிட்ட கேட்டா? அப்ப நானா இருக்கப் போறேன், உனக்கு வழி சொல்ல?" மருமகளைப் பார்த்தாள். "ஏய், கட்டு தொளதொளன்னு இருக்கு. இறுக்கு."

மனைவி இறுக்கினாள். கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கினாள்.

"இப்பவே காலை வெட்டி எடுத்துடலாம்னு பாக்கறியா? தளர்த்து."

மாடிக்குப் போனதும் மனைவி கதவைச் சாத்திவிட்டு, சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாள்.

"ஏழு வருஷம். என் கையில சாப்பிட எனக்கே பிடிக்காமப் போச்சு. எதுக்குச் செஞ்சேன்னு நினைச்சீங்க, பாசத்துலயா?"

"கத்தாதே. கீழ கேக்கும்."

"கேக்கட்டும். நீங்க அந்தத் தகடு விஷயத்தைச் சொல்லிடுங்க. ஏழு பேருக்கு ஒரே ரூமைக் காட்டி ஏமாத்தறாங்கன்னு தெரிஞ்சா, அந்தம்மா உயிலைக் கிழிச்சு அந்த மேடம் மூஞ்சியிலயே எறிஞ்சுடுவாங்க. அவங்க ரோஷம் தெரியாதா?"

"சொன்னா என் வேலை போயிடும்."

"வேலை போனா வேற வேலை. வீடு போனா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. என் பேச்சை அவங்க நம்பறதை விட்டு இருபத்திரண்டு வருஷமாச்சு."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவன்தான். படித்தான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. இரண்டாம் ஆண்டில் கணிதத் தேர்வில் இரண்டு தடவை விழுந்தான், மூன்றாம் தடவை எழுதப் போகவே இல்லை. நின்றுவிட்டதை வீட்டில் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் காலையில் புத்தகத்தோடு கிளம்பி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கதவு ஜன்னல் பட்டறையில் பொழுதைக் கழித்து, சாயந்திரம் அதே புத்தகத்தோடு திரும்பினான். பெரியம்மா மருத்துவமனையில் மருத்துவர்களிடம் எல்லாம் மகன் பட்டம் வாங்கப் போகிறான் என்று சொல்லியிருந்தாள். மகன் என்றுதான் சொல்லியிருந்தாள். இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று இனிப்புப் பெட்டியோடு வேலைக்குப் போனாள். அங்கே யாரோ தேர்ச்சிப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, பெயரே இல்லையே என்றிருக்கிறார்கள். சாயந்திரம் வந்து பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே குப்பையில் போட்டாள். தட்டு வைத்து, சோறு போட்டு, "சாப்பிடு" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை, அழவில்லை. அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. மன்னித்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். பெரியம்மாவுக்குப் பெரிய மனசு என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"என் வாய் சொன்னா நம்ப மாட்டாங்க," என்றான் மனைவியிடம். "அவங்க விரல் சொன்னா நம்புவாங்க."

மறுநாள் வெல்லக்கட்டி அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அறையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள், பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக.

"உங்க பெரியம்மாவாமே? எனக்குத் தெரியாமப் போச்சு அண்ணே. எவ்வளவு பெரிய மனசு! விருந்தினர் இல்லமா மாத்தப் போறோம், வெளியூர்லேர்ந்து வர்ற பேராசிரியர்கள் தங்க. கேட்டுக்குப் பக்கத்துலயே வீடு, எங்களுக்கும் வசதி."

"நாங்க அங்கதான் மேடம் குடியிருக்கோம்."

"தெரியும். வருத்தமாத்தான் இருக்கும்." அவள் உண்மையாகவே வருந்துகிறவள் மாதிரி தலையைச் சாய்த்தாள். "ஆனா குடும்ப விஷயத்துல நாங்க தலையிட முடியாது இல்லையா? வியாழக்கிழமை அவங்க வர்றாங்க. எப்பவும் போல நீங்களே மாட்டிடுங்க. இன்னொண்ணு அண்ணே. அந்தப் பெட்டி, தகடு, இதெல்லாம் நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விஷயம். மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சா அது உங்க வழியாத்தான் போயிருக்கணும். ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்கறது, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு மேடம்."

"டீ சொல்லவா?"

"வேண்டாம்."

அவன் போட்ட திட்டம் எளிமையானது. போன வாரம் செங்கல் சூளை முதலாளி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வேறு வேலை நெருக்கடியில் கழற்றாமல் விட்ட அவர் தகடு இன்னும் சுவரில்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை அதை எடுக்காமல், பழைய திருகாணிகளை மட்டும் உருவி, அதன்மேலேயே பெரியம்மாவின் தகட்டை வைத்து, கொஞ்சம் நீளமான திருகாணியால் முடுக்கினான். துளைகள் அச்சுப் பிசகாமல் பொருந்தின. எதிரே நின்று பார்த்தால் ஒரே தகடு. வெல்லக்கட்டி எதிரே நின்றுதான் பார்ப்பாள். பெரியம்மா அப்படிப் பார்க்கிறவள் இல்லை. முப்பத்தைந்து வருஷம் அறுவை அரங்கத்தில் தட்டுகளின் விளிம்பைத் தடவித் தடவிச் சுத்தம் பார்த்தவள், இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிவிட்டுத்தான் சாப்பிடுவாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்த கைக்கு எட்டுகிற உயரத்தில் அடிவிளிம்பு வருகிறதா என்று காகிதத்தில் அளவு போட்டு முதல் நாளே பார்த்து வைத்திருந்தான். யாராவது கேட்டால், அவசரத்தில் பழையதை எடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். மனைவி நாற்காலியைத் தள்ளினாள். பெரியம்மா இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலையில், கடிகாரத்தைக் கையில் கட்டாமல் மார்பில் குத்தி, வேலைக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெல்லக்கட்டி பூங்கொத்தோடு முன்னால் நடந்தாள். திருப்புளி கருவிப் பெட்டியோடு நாலடி தள்ளி நின்றான்.

"பாருங்கம்மா, உங்க பேர். இனிமே எத்தனை தலைமுறை மாணவர்கள் இந்தப் பேரைப் பார்த்துட்டு உள்ள போகப் போறாங்க!"

பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். கையைத் தூக்கி அடிவிளிம்பில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டினாள். விரல் நடுவில் நின்றது.

"இது ஏன் ரெண்டு தகடா இருக்கு?"

"அது... பின்னால வலுவுக்கு ஒண்ணு வைக்கறதும்மா," என்றாள் வெல்லக்கட்டி.

"வலுவுக்கு வைக்கறதுக்கு யாரும்மா மெருகு போடுவாங்க? விளிம்பு வழவழன்னு இருக்கு." திரும்பாமலே கூப்பிட்டாள். "டேய். கழட்டு."

அவன் வெல்லக்கட்டியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"அங்க என்ன பார்வை? கழட்டுன்னேன்."

கழற்றினான். நாலாவது திருகாணி வந்ததும் பெரியம்மாவின் பெயர் அவன் கைக்கு வந்தது, சுவரோடு அவன் அழுத்திப் பிடித்த அடித்தகட்டில் செங்கல் சூளை முதலாளி பளபளவென்று நின்றார். இரண்டு மாணவிகள் பேசிக்கொண்டே அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"பழசும்மா, எடுக்க மறந்துட்டாங்க..." வெல்லக்கட்டி அவனை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

"அவனைப் பாக்காதீங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க. மொத்தம் எத்தனை பேர்?"

வெல்லக்கட்டி பூங்கொத்திலிருந்து ஒரு இதழைக் கிள்ளினாள்.

"ஏழு, பெரியம்மா," என்றான் திருப்புளி. அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "உங்களோட சேர்த்து ஏழு. எல்லாருக்கும் இந்த ஒரே ரூம்தான். வர்றப்ப மாட்டுவோம், போனதும் கழட்டிடுவோம். நீங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இது பெட்டிக்குள்ள போயிருக்கும்."

மனைவி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று அவன் நினைத்தான். இப்போது அவள் முடியாத காலோடு எழுந்து நிற்கப் பார்ப்பாள், கத்துவாள், வக்கீலைக் கூப்பிடு என்பாள்.

பெரியம்மா சிரித்தாள். லேசாக அல்ல, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

"எங்க ஆஸ்பத்திரியில ஒரே ஒரு நல்ல போர்வை இருந்துச்சு," என்றாள் வெல்லக்கட்டியிடம். "மேலதிகாரி வார்டு பாக்க வருவார். அவர் மூணாம் வார்டுல இருக்கறப்ப அது மூணாம் வார்டுல விரிஞ்சிருக்கும். அவர் டாக்டரோட ரெண்டு வார்த்தை பேசிட்டு நாலாம் வார்டுக்குள்ள நுழையறதுக்குள்ள அது பின்வாசல் வழியா ஓடி நாலாம் வார்டுல விரிஞ்சிருக்கும். ஓட வச்சதே நான்தான். ஒரு தடவைகூட மாட்டினதில்ல. நீங்க என்ன வேலைக்காரங்க, போயும் போயும் இவனை நம்பி விட்டிருக்கீங்க!"

வெல்லக்கட்டிக்கு உயிர் திரும்பி வந்தது. அவளும் சேர்ந்து சிரிக்கலாமா என்று யோசித்து, பாதி சிரித்தாள்.

"பெரியம்மா," என்றான் அவன். "உங்க பேரே இங்க இருக்காது. புரியுதா? யாருக்கும் உங்களைத் தெரியாது. இவ்வளவு தெரிஞ்சும் வீட்டைக் கொடுப்பீங்களா?"

"பேருக்காகக் கொடுத்தேன்னா நினைச்சே?" சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தை நேராக்கினாள். "இவங்க தெருவிளக்குல என் பேரை எழுதினாலும் சரி, சாக்கடையில எழுதினாலும் சரி. உனக்குக் கொடுக்கக் கூடாதுன்னு கொடுத்தேன். அதுவும் இந்த இடத்துக்கே கொடுக்கணும்னு கொடுத்தேன். அந்த இனிப்புப் பெட்டியைத் தூக்கிட்டு நான் நின்னப்ப மயக்க மருந்து டாக்டர் சிரிச்சான். தரை துடைக்கறவ சிரிச்சா. அன்னைக்கு ஆபரேஷன் தியேட்டரே சிரிச்சுது. அப்புறம் பதினாலு வருஷம் அதே ஆளுங்களுக்குக் கத்தி எடுத்துக் கொடுத்தேன்."

"அது இருபத்திரண்டு வருஷக் கதை பெரியம்மா. அப்பவே என்னை வீட்டை விட்டுத் துரத்தியிருக்கலாமே."

"துரத்தியிருந்தா," என்றாள் அவள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாக, "வேற எங்கயாவது உனக்குன்னு ஒரு வீடு கட்டியிருப்பே."

பதினாலாம் அறைக்குள் ஒருவர் ஏதோ பாடம் நடத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் என்ன அத்தை பண்ணினேன்?" என்றாள் மனைவி.

"நீ இவனைக் கட்டிக்கிட்டே."

வெல்லக்கட்டி தொண்டையைச் செருமினாள். "இவரைப் பத்தி நாங்க நடவடிக்கை எடுக்கறோம்மா. நாளையிலேர்ந்து இவர் இங்க..."

"அதெல்லாம் வேண்டாம். இவனை வேலையில வச்சுக்குங்க. அந்த வீட்டுல எந்தக் குழாய் எந்தச் சுவத்துக்குள்ள போகுதுன்னு இவனைத் தவிர ஒரு ஆளுக்குத் தெரியாது. வீடு உங்க கைக்கு வந்தா மராமத்துக்கு யாரைக் கூப்பிடுவீங்க?" நாற்காலியின் கையைத் தட்டினாள். "போலாம். கட்டு மாத்தற நேரம்."

அன்றைக்குக் கட்டு மாற்றுகிற நேரத்துக்கு மனைவி கீழே இறங்கவில்லை. மாடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது, கோபமே இல்லாத குரல்.

"உயில்ங்கறது உசிரு இருக்கறவரைக்கும் மாத்தலாம். வக்கீல் நம்பர் தலைமாட்டுலதான் இருக்கு. நான் ஒண்ணும் கல்லுல செஞ்சவ இல்ல. என்னைக்காவது மனசு மாறினாலும் மாறும்."

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். அவள் எழுந்து பஞ்சை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

நம்பிக்கை என்பது நாய்க்குக் கட்டுகிற கயிறு மாதிரி, அறுந்துவிடும் என்று தெரிந்தாலும் கயிறு இழுக்கிற பக்கம்தான் நாய் போகும். அதற்குப் பிறகு ஒன்பது வாரம் அந்த வீட்டில் நடந்த பணிவிடையை ராணிகளுக்குக்கூடச் செய்திருக்க மாட்டார்கள். காலை மாலை கட்டு. வெந்நீரில் உடம்பு துடைப்பு. உப்பில்லாத சாறு, மிளகு தட்டிப்போட்ட சாறு, வேண்டாம் என்றதும் மறுபடி உப்பில்லாத சாறு. மகள் பரீட்சைக்குப் படிப்பதை நிறுத்திவிட்டுப் பாட்டிக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினாள். திருப்புளி கட்டிலை உயர்த்தினான், தாழ்த்தினான், கைப்பிடி வைத்தான், கீழ்க் குளியலறைக்குப் புதுக் குழாய் போட்டான். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னாள், ஒவ்வொன்றையும் அனுபவித்தாள்.

எட்டாம் வாரம் அவளே, "வக்கீலை வரச் சொல்லு" என்றாள். வக்கீல் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் இருந்தார். போகும்போது திருப்புளியின் முகத்தைப் பார்க்காமல் போனார். அதை நல்ல சகுனம் என்று மனைவி சொன்னாள், வக்கீல்கள் நல்ல செய்தியை முன்னாலேயே சொல்ல மாட்டார்களாம். அன்று மாடியில் மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஒன்பதாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை, கட்டு அவிழ்க்கப் போன மனைவி கையில் பஞ்சோடு திரும்பி வந்து, "போயிட்டாங்க" என்றாள். எண்ணி எடுத்துப்போன ஆறு பஞ்சும் அவள் கையிலேயே இருந்தது.

உயிலை வக்கீல் தன் அலுவலகத்தில் வைத்துப் படித்தார். வெல்லக்கட்டி கறுப்புச் சேலையில் வந்திருந்தாள். வீடு பல்கலைக்கழகத்துக்கு, அதில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியாகச் சேர்த்த ஒரே ஒரு பத்தி மட்டும் புதியது. மாடியில் உள்ள கட்டுமானம், படி, தொட்டி, குழாய்கள் ஆகிய அனைத்தும் இந்தக் கொடையில் அடக்கம், அவற்றைக் கட்டியவருக்கு எந்த உரிமையும் ஈடும் கிடையாது, அவர் அதைத் தங்கிய வாடகைக்குப் பதிலாகக் கட்டினார் என்று எழுதியிருந்தது.

"இது நல்லதுக்குத்தான்," என்றார் வக்கீல். "பின்னாடி வழக்கு வம்பு இல்லாம."

மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். வாசலில் அவள் கத்தவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள், ஈரமே இல்லாத கைகளை.

"முப்பது நாள் டைம் கொடுக்கறோம் அண்ணே," என்றாள் வெல்லக்கட்டி. "விதிப்படி பதினஞ்சுதான். உங்களுக்காகப் பேசி வாங்கினேன்."

முப்பதாம் நாள் காலை அவன் மேஜைக்கு ஒரு வேலைச் சீட்டு வந்தது. வேலை நடக்கும் இடம்: விருந்தினர் இல்லம். வேலை: வாசல் கதவிலும் மாடிக் கதவிலும் பூட்டு மாற்றுதல். சாவி மூன்று செட், உறையிலிட்டு ஒப்படைக்கவும். பணியாளர் பெயர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. கீழே, குடியிருந்தவர் காலி செய்துவிட்டதாக ஒப்புக்கொள்ளும் இடத்திலும் அவன் பெயர் இருந்தது. இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று தட்டச்சு செய்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் அது அவர் வேலை இல்லை.

மூட்டைகள் தெருவில் இருந்தன. ஓர் அறை வாடகைக்குக் கிடைத்திருந்தது, ஆறாவது மாடி, தண்ணீர் ஒரு வேளை. மகள் முதல் வண்டிச் சாமானோடு போய்விட்டாள். மனைவி சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள். கருவிப் பெட்டியோடு அவன் படியேறுவதைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்க மாட்டாதீங்க. வேற எவனாவது வந்து மாட்டட்டும்."

"வேற எவனாவது வந்தா, இவன் வேலைக்கு வரலன்னு எழுதிடுவாங்க. வர்ற மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். அந்த ரூமுக்கு வாடகை யார் கொடுப்பா?"

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. தள்ளு."

மாடிக் கதவில்தான் நேரம் பிடித்தது. அந்தச் சட்டத்தை அவனே இழைத்துப் போட்டிருந்தான். நல்ல மரம், புதுப் பூட்டின் நாக்குக்குக் குழி வெட்ட உளி இறங்க மறுத்தது. அவசரப்படாமல் வெட்டினான். தூளை ஊதினான், பூட்டைப் பொருத்தினான், திருகாணிகளை முடுக்கினான். சாவியைப் போட்டுத் திருப்பி, கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். ஆடவில்லை. கீழே வந்து வாசல் கதவையும் முடித்தான். மூன்று செட் சாவியை எண்ணி உறையில் போட்டு ஒட்டினான். சீட்டைக் கதவின்மேல் வைத்து, மேலே ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து.

தெருவுக்கு வந்தபோது மனைவி மெத்தையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஒழுங்கா மாட்டினீங்களா?"

குத்திக் காட்டுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை.

"ஒழுங்காத்தான் மாட்டினேன்."

"சரி. இல்லன்னா திரும்ப வரச் சொல்லுவாங்க," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.